பின்பக்க முத்திரையை வைத்து ராணுவ பேட்ஜின் வயதைச் சொல்ல முடியுமா? (மெஷின் கன் கோர், ‘காண்ட்’ முத்திரை)

#1 பரண்வாசி

வணக்கம் நண்பர்களே. முதல் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜ்களைச் சேர்த்து வருகிறேன். போன வாரம் மெஷின் கன் கோர் (இயந்திரத் துப்பாக்கிப் படை) பேட்ஜ் ஒன்று தபாலில் வந்தது. குறுக்காக வைத்த இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகள், மேலே கிரீடம், முழுக்கப் பித்தளை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கியது. ‘1916, அசல், தயாரிப்பாளர் முத்திரை உள்ளது’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். முத்திரை இல்லாத மற்ற பேட்ஜ்களைவிட இதற்கு விலையும் அதிகம்.

பின்னால் தொப்பியில் செருகும் ஸ்லைடர் இருக்கிறது. அந்த ஸ்லைடரில் ‘ஜே.ஆர். காண்ட் பி'ஹாம்’ என்று பொறித்திருக்கிறது. பி'ஹாம் என்றால் பர்மிங்காம் என்று தெரிகிறது. காண்ட் உண்மையிலேயே பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பேட்ஜ் செய்துகொடுத்த கம்பெனிதான், அதையும் பார்த்துவிட்டேன்.

என் கேள்வி ஒன்றுதான். இந்த முத்திரையை வைத்து இது 1916ஐச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

#2 பழைய பித்தளை

வாழ்த்துகள் நண்பரே, அருமையான பேட்ஜ். காண்ட் பெயர் போன கம்பெனி. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது, முன்பக்கம் துப்பாக்கியின் நீர் உறை வரிகள்கூடக் கூர்மையாகத் தெரிகின்றன. கள்ள வேலை செய்பவர்கள் இவ்வளவு கூர்மையாக அடிக்க மாட்டார்கள். என் பார்வையில் அசல்தான்.

#3 அச்சுக்கூடம்

பரண்வாசி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவசரப்பட்டு அசல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். என் கணிப்பில் இது 1916 அல்ல. பெரும்பாலும் 1970களிலோ அதற்குப் பிறகோ அடித்தது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழப்பம் நம் ஆட்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் படைப்பிரிவு. மெஷின் கன் கோர் 1915 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கிரான்தம் ஊர்ப் பக்கத்தில் பெல்டன் பார்க் என்ற இடத்தில் பயிற்சி. டாங்கிப் படையின் கருவே இதற்குள்தான் இருந்தது. அந்தக் கனரகப் பிரிவு 1917 ஜூலையில் பிரிந்து டாங்க் கோர் ஆனது. 1922இல் மெஷின் கன் கோரையே கலைத்துவிட்டார்கள். ஆக, அசல் பேட்ஜ் என்றால் அதற்கு 1915க்கும் 1922க்கும் நடுவே ஏழு வருஷம்தான் இடம். இப்படிக் குறுகிய ஆயுள் கொண்ட படைகளை வைத்து முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. கேள்வி ‘எந்த வருஷம்’ என்பதல்ல, ‘அந்த ஏழு வருஷத்துக்குள்ளா, வெளியிலா’ என்பதுதான்.

இப்போது முத்திரை. முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பேட்ஜ்களில் மிகப் பெரும்பாலானவற்றில் தயாரிப்பாளர் பெயரே கிடையாது. லட்சக்கணக்கில் தேவைப்பட்டது, பர்மிங்காமில் பல பட்டறைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள், அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் காலத்து காண்ட் முத்திரையை அதிகம் பார்ப்பது அதிகாரிகளின் வெண்கல பேட்ஜ்களில். அதிகாரிகள் சீருடையைத் தங்கள் காசில் தையல்காரரிடம் வாங்கினார்கள், அதனால் கம்பெனிகள் தங்கள் பெயரைக் காட்ட விரும்பின. அங்கே பின்பக்கம் ஒரு சின்னச் செவ்வகத் தகட்டைப் பற்றவைத்து, அதில் ‘ஜே.ஆர். காண்ட் லண்டன்’ என்று இருக்கும். கவனியுங்கள், லண்டன். பட்டறை பர்மிங்காமில் இருந்தாலும் பெயரோடு போட்டது லண்டன்.

ஸ்லைடரிலேயே ‘பி'ஹாம்’ என்று பொறிப்பது பிற்காலப் பழக்கம். அது இயல்பாக உட்காரும் இடம் 1950களிலிருந்து வந்த அனோடைஸ் அலுமினிய பேட்ஜ்கள், நம் ஆட்கள் ‘ஸ்டேபிரைட்’ என்கிறோமே, அவை. அந்த முத்திரை ஒரு மெஷின் கன் கோர் பேட்ஜில் இருந்தால், படை கலைந்து பல பத்தாண்டுகள் கழித்து அடித்தது என்றுதான் அர்த்தம்.

#4 பழைய பித்தளை

ஆனால் அச்சுக்கூடம் சார், காண்ட் நிஜமான கம்பெனி. நிஜமான கம்பெனி அடித்ததை எப்படிப் போலி என்பது? முன்பக்க வேலைப்பாடு அசலைப் போலவே இருக்கிறதே?

#5 அச்சுக்கூடம்

நல்ல கேள்வி. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

‘போலி’ என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. இதை ‘ரீஸ்ட்ரைக்’ என்பார்கள், மறு அச்சு. பட்டறையில் பழைய எஃகு அச்சு பத்திரமாக இருக்கிறது. சேகரிப்பாளர்கள் கூட்டம் பெருகுகிறது, பேட்ஜுக்குச் சந்தை வருகிறது. அதே அச்சை எடுத்து மறுபடி அடிக்கிறார்கள். அச்சு அசல், கம்பெனி அசல், முத்திரையும் அசல். காலம் மட்டும் வேறு. அதனால்தான் முன்பக்கத்தை எத்தனை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. அதே அச்சிலிருந்து வந்தது அப்படித்தானே இருக்கும்?

காண்ட் கம்பெனியின் கதையும் இதற்கு உதவும். 1973இல் பர்மிங்காம் மின்ட் அதை வாங்கியது. 1991இல் ஃபர்மின் கம்பெனி கைக்குப் போனது. ஃபர்மின் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் லண்டன் கம்பெனி. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்து வந்தது. ஆகவே ‘காண்ட்’ என்ற பெயர் தனியாக எந்த வருஷத்தையும் சொல்லாது.

ஒரு முத்திரை நமக்குச் சொல்வது கீழ் எல்லையை மட்டும்: இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்பதை. மேல் எல்லையை அது சொல்வதே இல்லை. உதாரணம் ‘பட்டன்ஸ் லிமிடெட்’. பர்மிங்காம் பொத்தான் கம்பெனிகள் சில 1907இல் ஒன்று சேர்ந்துதான் அந்தப் பெயர் வந்தது. அந்தப் பெயர் பின்னால் இருக்கும் பொத்தானை போயர் போர்க் (1899–1902) காலத்தது என்று யாராவது விற்றால் நேராக மறுத்துவிடலாம். ஆனால் அதே பெயரை வைத்து ‘இது 1914தான்’ என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

விற்பவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முத்திரை இருந்தால் பழையது, இல்லாவிட்டால் சந்தேகம் என்று பழக்கிவிட்டார்கள். சிப்பாய் பேட்ஜைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. புதிதாகச் சேர்க்க வருபவர்கள் முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுத்துப் பிந்தைய சரக்கை வாங்கிக்கொண்டு, பெயரில்லாத அசலை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

#6 மலர் நாணயம்

நாணயப் பக்கம்தான் என் வேலை, ஆனாலும் இந்த இழையில் ஒரு வார்த்தை. வெள்ளியில் ஹால்மார்க் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அங்கே வருஷமே கிடைக்கும்.

அதே மெஷின் கன் கோர் சின்னத்தில் ‘ஸ்வீட்ஹார்ட்’ புரூச்சுகள் உண்டு. போருக்குப் போனவர்கள் மனைவிக்கோ காதலிக்கோ வாங்கிக் கொடுத்தவை. வெள்ளியில் செய்தவற்றில் வெள்ளியின் தரம் பார்க்கும் பர்மிங்காம் சோதனைச்சாலையின் நங்கூரம், ஸ்டெர்லிங் வெள்ளிக்கான நடக்கும் சிங்கம், செய்தவரின் இனிஷியல், அப்புறம் ஒரு வருஷ எழுத்து இருக்கும். பர்மிங்காமில் 1900இல் சின்ன ‘ஏ’ தொடங்கி ‘ஜே’யை விட்டுவிட்டு வரிசையாக எண்ணினால் 1914க்கு ‘பி’ (p), 1915க்கு ‘கியூ’, 1916க்கு ‘ஆர்’, 1917க்கு ‘எஸ்’, 1918க்கு ‘டி’ (t). எழுத்து ஜனவரியில் மாறாது, வருஷத்தின் நடுவில் மாறும். அதனால் ‘ஆர்’ என்றால் 1916–17 என்று எழுதி வையுங்கள்.

எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயக் கட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்துரு மாறும். 1925இல் பெரிய ‘ஏ’ வந்துவிட்டது. எழுத்தை மட்டும் பார்த்தால் கால் நூற்றாண்டு தள்ளிப் போய்விடுவீர்கள்.

#7 டொராண்டோ தமிழன்

இங்கே கனடாவில் நிலைமை இன்னும் வசதி. 1914–18இல் வெளிநாடு போன கனடியப் படையின் பட்டாலியன் பேட்ஜ்களில் கம்பெனிப் பெயரோடு வருஷமும் பொறித்தவை ஏராளம். ‘டிப்டாஃப்ட் பி'ஹாம் 1916’, ‘பி.டபிள்யூ. எல்லிஸ் 1916’, ‘கேரன் பிரதர்ஸ் 1916’ என்றெல்லாம் பின்பக்கம் பார்க்கலாம். வார இறுதிச் சந்தைகளில் இவை அடிக்கடி கண்ணில் படும்.

அச்சுக்கூடம் அண்ணை, டிப்டாஃப்ட் 1916இலேயே ‘பி'ஹாம்’ போட்டிருக்கிறதே? அப்படியென்றால் ‘பி'ஹாம்’ பிற்காலத்தது என்ற விதி எப்படிச் சரியாகும்?

#8 அச்சுக்கூடம்

டொராண்டோ தமிழன், மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ‘பி'ஹாம்’ என்ற சுருக்கம் பிற்காலத்தது அல்ல. காண்ட் கம்பெனி ஸ்லைடரில் அதைப் போடும் அந்தப் பாணிதான் பிற்காலத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வழக்கம். டிப்டாஃப்டின் வழக்கத்தை வைத்து காண்டை அளக்கக் கூடாது, காண்டை வைத்து டிப்டாஃப்டையும் அளக்கக் கூடாது. கம்பெனிவாரியாக, எந்தப் பெயர், எந்த ஊர், தகட்டிலா ஸ்லைடரிலா உடம்பிலேயா, மேடாகவா பள்ளமாகவா என்று நோட்டில் குறித்து வைப்பதுதான் வழி.

#9 மலர் நாணயம்

ஜெர்மன் பக்கத்திலும் இதே பாடம் உண்டு, இன்னும் கறாராக. ஜெர்மன் வீரப் பதக்கமான அயர்ன் கிராஸ் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி மீண்டும் நிறுவப்பட்டது. ஆனால் ‘எல்’ எழுத்தும் சாய்கோடும் எண்ணும் சேர்ந்த முத்திரை, பதக்கத் தயாரிப்பாளர் கூட்டமைப்பு 1941இல் வந்த பிறகுதான். அதாவது ‘எல்/’ முத்திரை உள்ள ஒன்றை 1940 பிரான்ஸ் போரில் கொடுத்தது என்று யாராவது சொன்னால், முத்திரையே அதை மறுக்கிறது. கடையில் விற்க ‘எல்/’ எண், அரசு நேரடியாக வழங்கியவற்றுக்கு வேறு எண் வரிசை. அந்த இரண்டாவது வரிசையில் 1 என்றால் மியூனிக்கின் டெஷ்லர், 4 என்றால் லூடென்ஷைடின் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக், 65 என்றால் இடார்-ஓபர்ஷ்டைனின் கிளைன் உண்ட் குவென்ட்ஸர்.

மறு அச்சுக்கும் அங்கே பிரபலமான உதாரணம் இருக்கிறது: ‘எல்/58’, வியன்னாவின் ருடால்ஃப் சூவல். போர் முடிந்த பிறகும் பழைய கருவிகளை வைத்துச் சேகரிப்பாளர்களுக்காகச் செய்துகொண்டே இருந்தார்கள், அதே முத்திரையோடு. எனவே ‘எல்/58’ பார்த்தால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருப்பார்கள். மேற்கு ஜெர்மனியில் 1957 சட்டத்துக்குப் பிறகு ஸ்வஸ்திகா இல்லாத வடிவங்களும் வந்தன, அவை சட்டப்படியான தனி வகை.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆட்சி செய்த கொடுமைகளை ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சின்னங்களை அழகுப் பொருளாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. வரலாற்றுச் சான்று என்ற அளவில், சரியாகக் காலம் குறித்து வைப்பது மட்டுமே என் ஆர்வம்.

#10 பழைய பித்தளை

சரி, முத்திரை கீழ் எல்லை மட்டும்தான் தரும் என்பது புரிகிறது. அப்படியானால் மேல் எல்லைக்கு எதைப் பார்ப்பது? என்னிடம் முத்திரையே இல்லாத மெஷின் கன் கோர் பேட்ஜ் ஒன்று இருக்கிறது, அதை எப்படி எடை போடுவது?

#11 அச்சுக்கூடம்

முத்திரையைக் கடைசியாகப் படியுங்கள். என் பழக்கம் இப்படி.

கிரீடம் முதலில். விக்டோரியா காலக் கிரீடம் 1901 வரை. அதன் பிறகு 1952 வரை டியூடர் கிரீடம், ‘ராஜா கிரீடம்’ என்கிறோமே அது, வளைவுகள் உயர்ந்து குவிந்திருக்கும். எலிசபெத் ராணி வந்ததும் செயின்ட் எட்வர்ட் கிரீடம், வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கும். மெஷின் கன் கோர் பேட்ஜில் ராணி கிரீடம் இருந்தால் வேறெதையும் பார்க்கவே வேண்டாம். ஆனால் 2022இல் மூன்றாம் சார்ல்ஸ் மறுபடி டியூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இப்போது புதிதாக வரும் ராணுவ பேட்ஜ்களில் ‘ராஜா கிரீடம்’ திரும்பி வந்திருக்கிறது. இன்னும் இருபது வருஷத்தில் சேர்க்க வருபவர்களுக்கு இது பெரிய தலைவலியாகப் போகிறது, அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

அடுத்து உலோகம். 1916இல் நிக்கலை மிச்சப்படுத்த, இரண்டு உலோகத்தில் செய்துவந்த பல ரெஜிமென்ட் பேட்ஜ்களை முழுப் பித்தளையில் அடித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு இன்னும் கடுமை. 1940களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் பேட்ஜ்களே வந்தன. அவற்றில் பலவற்றின் பின்னால் ‘ஏ. ஸ்டான்லி அண்ட் சன்ஸ் வால்சால்’ என்று இருக்கும். முத்திரையும் செய்பொருளும் படையும் ஒரே காலத்தைச் சுட்டும் அழகான உதாரணம் அது, மிகவும் மலிவாக ஆரம்பிக்க நினைப்பவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். அலுமினிய ஸ்டேபிரைட் என்றால் போருக்குப் பிந்தையது. 1958 வாக்கில் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மறைந்த, பல ரெஜிமென்ட்களுக்குப் பொதுவான ‘பிரிகேட்’ பேட்ஜ்களை இதனால் சுலபமாக அடையாளம் காணலாம்.

இனி மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: பேட்ஜைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அச்சில் அடித்த பேட்ஜில், முன்னால் மேடாக இருப்பது பின்னால் அதே இடத்தில் பள்ளமாக இருக்கும். துப்பாக்கிக் குழல், கிரீடத்தின் மணிகள் எல்லாவற்றின் நிழலும் பின்னால் தெரியும். வார்ப்பில் செய்த போலியில் பின்பக்கம் தட்டையாக அல்லது சொரசொரப்பாக இருக்கும், சின்னச் சின்னக் குமிழித் துளைகள் இருக்கும், எடையும் கூடும். துப்பாக்கிகளுக்கு நடுவே வெட்டி எடுத்த இடைவெளிகளின் ஓரத்தையும் பாருங்கள். வெட்டுக் கருவி போன ஓரம் நேராக, கூர்மையாக இருக்கும். வார்ப்பில் அந்த ஓரம் உருண்டு போயிருக்கும்.

ஸ்லைடரைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1900களின் தொடக்கத்தில் பேட்ஜ்களின் பின்னால் இரண்டு வளையங்கள்தான், அதில் ஊசி செருகுவார்கள். ஸ்லைடர் பரவலானது அதற்குச் சில வருஷம் கழித்து. மெஷின் கன் கோர் பேட்ஜில் இரண்டுமே கிடைக்கும், இரண்டும் சரி. ஆனால் ஸ்லைடரைப் பற்றவைத்த இடம் உடம்போடு சேர்ந்து பழுத்திருக்க வேண்டும். பேட்ஜ் கருத்து, பற்றவைப்பு மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தால், ஸ்லைடர் பின்னால் வந்தது. வளையம் உடைந்த அசலில் யாரோ புது ஸ்லைடர் ஒட்டியிருக்கவும் கூடும். அதனால் முத்திரை ஸ்லைடரில் மட்டும் இருந்தால், அது ஸ்லைடரின் வயதைத்தான் சொல்கிறது, பேட்ஜின் வயதையல்ல.

கடைசியாகத் தேய்மானம். சிப்பாய் தினமும் பாலீஷ் போட்ட பேட்ஜில் கிரீடத்தின் உச்சியும் குழல்களின் முதுகும் மழுங்கியிருக்கும், பள்ளங்களில் விவரம் அப்படியே இருக்கும். பின்பக்கம் யாரும் பாலீஷ் போடுவதில்லை, அங்கே பழுப்பு ஒரே சீராக இருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவில் கருத்திருந்தால் மருந்து போட்டுக் கருக்கியது என்று சந்தேகப்படுங்கள்.

#12 கோவை காக்கி

பெரியவர்களுக்கு வணக்கம். நான் சேகரிப்பாளன் இல்லை. எங்கள் தாத்தா ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி ஓட்டியவர், பர்மா எல்லை வரை போனவர். அவருடைய தொப்பி பேட்ஜ் வீட்டில் இருக்கிறது. கிரீடமும் படையின் ஆங்கில எழுத்துகளும் உண்டு. முத்திரை எதுவும் இல்லை. பின்பக்கம் சொரசொரப்பாக, குமிழித் துளையோடு இருக்கிறது. மேலே சொன்னதைப் படித்ததும் மனசு உடைந்துவிட்டது. அது போலியா?

#13 அச்சுக்கூடம்

கோவை காக்கி தம்பி, கவலையே படாதீர்கள். நான் #11இல் சொன்னது இங்கிலாந்தில் அச்சில் அடித்தவற்றுக்கு. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலேயே செய்த பேட்ஜ்களில் மணல் வார்ப்பு சர்வசாதாரணம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரக் காத்திருக்க முடியாது, படை பெருகிக்கொண்டே போனது, உள்ளூர்ப் பட்டறைகளில் வார்த்தார்கள். சொரசொரப்பும் குமிழியும் அந்த அவசரத்தின் அடையாளம்.

காலத்தையும் முத்திரை இல்லாமலே சொல்லலாம். அந்தப் படைக்கு ‘ராயல்’ பட்டம் 1935இல் வந்தது. 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானதும் ‘ராயல்’ போனது, கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது. ஆக 1935க்கும் 1950க்கும் நடுவே. தாத்தாவின் பணிக்காலச் சான்று இருந்தால் இன்னும் நெருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பிராசோ மாதிரிப் பித்தளை பாலீஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழுப்பு போனால் திரும்ப வராது.

#14 கோவை காக்கி

மிக்க நன்றி ஐயா. பணிப் புத்தகம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, 1942 என்று நினைவு. எடுத்துப் பார்த்துப் படம் போடுகிறேன். தேய்க்க மாட்டேன்.

#15 பரண்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடரை மறுபடி லென்ஸில் பார்த்தேன். பற்றவைப்பு உடம்பின் நிறத்தோடு ஒத்துப்போகிறது, பிறகு ஒட்டியது போலத் தெரியவில்லை. கிரீடத்தின் உச்சியில் தேய்மானம் சுத்தமாக இல்லை. பின்பக்கப் பள்ளங்கள் கச்சிதம். ஆக முழு பேட்ஜும் ஒரே சமயத்தில், பிற்காலத்தில் அடித்தது என்று எடுத்துக்கொள்கிறேன். விற்றவருக்கு எழுதியிருக்கிறேன். பணத்தைவிட, விளம்பரத்தில் ‘1916’ என்பதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்தவர் ஏமாறக் கூடாது.

நான் இதைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா?

#16 அச்சுக்கூடம்

விலை வித்தியாசத்தைத் திருப்பித் தந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அசல் அச்சிலிருந்து வந்த தேயாத பேட்ஜ் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல துணை. ஆனால் அட்டையில் ‘மறு அச்சு, காண்ட் பி'ஹாம்’ என்று மையில் எழுதி பேட்ஜோடு கட்டி வையுங்கள். நமக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பழைய பித்தளை, உங்களிடம் முத்திரை இல்லாத பேட்ஜ் இருக்கிறது என்றீர்களே, அதைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். முன்பக்கம் வேண்டாம். பின்பக்கம் நேராக ஒன்று, விளக்கைச் சாய்த்து வைத்து ஒன்று, ஸ்லைடர் உடம்போடு சேரும் இடம் நெருக்கமாக ஒன்று. நகைக்கடைத் தராசு கிடைத்தால் எடையும் போடுங்கள்.

#17 பழைய பித்தளை

இன்று ராத்திரி எடுத்துப் போடுகிறேன் சார். எங்கள் தெரு நகைக்கடையில் கேட்டு நாளை எடையும் சொல்கிறேன்.